அவருக்குத் துப்பாக்கி, எனக்குச் சாவி!

சிலருடைய கணவருக்குச் சீட்டாட்டம். சிலருக்கு வெற்றிலைப் பெட்டி. என்னவருக்குத் துப்பாக்கி! பயந்துவிடாதீர்கள். நிஜத் துப்பாக்கி இல்லை, காற்றழுத்தத்தில் சுடும் நகல் ரிவால்வர்கள். ஆனால் நாலடி தள்ளி நின்று பார்த்தால் எது நிஜம், எது நகல் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வம்பே அங்கேதான் இருக்கிறது.

நாங்கள் இங்கிலாந்தில் பர்மிங்ஹாமில் முப்பது வருஷத்துக்கு மேலாகக் குடியிருக்கிறோம். துப்பாக்கித் தொழிலுக்குப் பேர் போன ஊர் இது. குழல் வெடிக்காமல் தாங்குமா என்று பார்த்து முத்திரை குத்துவதற்காக 1813-ல் ஏற்படுத்திய சோதனைச் சாலை இன்னமும் இருக்கிறது. வெள்ளைக்கார அதிகாரிகள் இடுப்பில் தொங்கிய வெப்ளி ரிவால்வர் பிறந்ததும் இந்த ஊரில்தான். இத்தனை வருஷமும் இதையெல்லாம் நாங்கள் ஏறெடுத்தும் பார்த்ததில்லை.

இவருக்கு மாரடைப்பு வந்து, பைபாஸ் ஆபரேஷன் முடிந்து, வேலையிலிருந்தும் ஓய்வு வாங்கிய பிறகுதான் எல்லாம் ஆரம்பித்தது. ஆறு மாதம் ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவையே வெறித்துக் கொண்டிருந்தார். கேட்டதற்கு மட்டும் பதில். சாப்பாட்டில் உப்பில்லை என்றுகூடச் சொல்லமாட்டார். அது எனக்கு எவ்வளவு கலக்கமாக இருந்தது என்று குடும்பப் பெண்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை!

ஒருநாள் வெளியே போனவர் ஒரு அட்டைப் பெட்டியோடு வந்தார். திறந்தால் ரிவால்வர்! “என்னங்க இது, இந்த வயசுல?” என்றேன். “சின்ன வயசுல தீபாவளிக்கு ரோல் கேப் துப்பாக்கி கேட்டேன். அப்பா வாங்கித் தரலை. இப்ப நானே வாங்கிக்கிட்டேன்” என்று சிரித்தார். ஆறு மாதத்துக்குப் பிறகு பார்த்த சிரிப்பு. நான் வாயை மூடிக் கொண்டேன்.

ஒன்று மூன்றாயிற்று. ஞாயிற்றுக்கிழமை வந்தால் தோட்டத்தில் மேஜை போட்டு மூன்றையும் பரப்பி, எது உசத்தி என்று ஆராய்ச்சி. குக்கர் வாங்கும்போது நாம் மூடியைத் திருகி, கைப்பிடியை ஆட்டி, அடியைத் தட்டிப் பார்ப்பதில்லையா? அதே கதைதான்.

முதலாவது வெப்ளி மார்க் 6. அசல், முதல் உலகப் போரின்போது 1915-ல் வந்தது. கட்டைவிரலால் ஒரு நெம்புகோலை அழுத்தினால் குழல் அப்படியே முன்பக்கம் மடிந்து, காலித் தோட்டாக்கள் ஆறும் ஒரே சமயத்தில் மேலே எழும்பும். நகலிலும் அப்படியே. என் சமையலறைத் தராசில் வைத்தேன், ஒரு கிலோவைத் தாண்டியது.

இரண்டாவது, குதிரைப் படங்களில் வருமே, அந்தக் கோல்ட் பீஸ்மேக்கர். அமெரிக்கப் பட்டாளம் 1873-ல் எடுத்துக் கொண்ட மாடல். இதில் ஒவ்வொரு தடவையும் பின்னாலிருக்கும் சுத்தியலைக் கட்டைவிரலால் இழுத்துவிட்டுத்தான் சுட வேண்டும். தோட்டாவையும் பக்கவாட்டுக் கதவு வழியாக ஒவ்வொன்றாகத்தான் போட வேண்டும். தோட்டா என்பதும் வெறும் கூடுதான். அதன் அடியில் 4.5 மில்லிமீட்டர் எஃகுக் குண்டு ஒன்றைப் பதிக்கிறார்கள். அவசரக்காரர்களுக்கு ஆகாது. எனக்கு இதுதான் பிடித்தது, கையில் சுகமாக உட்காருகிறது.

மூன்றாவது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 586. ஜெர்மனியில் செய்த நகல். அசலில் ஆறு தோட்டா, இதிலோ பத்து ஈயக் குண்டுகள் அடங்கிய சின்னச் சக்கரம். குழலுக்குள் திருகு வரிகள் இருப்பதால் குண்டு சுழன்று கொண்டு நேராகப் போகிறது. தோற்றத்துக்கு வெப்ளி, குறிக்கு 586. இதுதான் இவர் தீர்ப்பு.

மூன்றுக்கும் மூச்சு ஒன்றே: கைப்பிடிக்குள் போடும் 12 கிராம் கரியமிலவாயுக் குப்பி. குளிர்காலத்தில் வாயுவின் அழுத்தம் குறைந்து வேகம் போய்விடும். “சமையல் காஸ் சிலிண்டரும் குளிர்ல மந்தமா எரியுமே, அதேதான்” என்றேன். இவர் என்னை மரியாதையாகப் பார்த்தார்!

இப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அது நடந்தது.

ஈஸ்டர் விடுமுறைக்குப் பெண், எட்டு வயதுப் பேரனை எங்களிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போயிருந்தாள். துப்பாக்கி அலமாரியின் சாவி பூஜை அலமாரிக்குப் பின்னால் ஒரு ஆணியில் தொங்கும். அங்கே மாட்டியவள் நான்தான். குழந்தைக்கு என்ன தெரியும் என்ற அலட்சியம். குழந்தைக்கு எல்லாம் தெரிந்திருந்தது! வத்தக்குழம்பைக் கிளறிக் கொண்டிருந்தேன். வாசல் மணி அடித்தது. போய்ப் பார்த்தால், பக்கத்து வீட்டு ஆங்கிலேயப் பாட்டியம்மா ஒரு கையில் பேரனைப் பிடித்துக் கொண்டு, இன்னொரு கையில் கடைப் பையோடு நிற்கிறார். பையில் கழுத்துத் துணியால் மூடிய வெப்ளி. வாசற்கேட்டில் நின்று எதிர்ப் பக்கத்துப் பஸ் நிறுத்தத்தைக் குறி பார்த்துக் கொண்டிருந்தானாம். “இன்னும் ஐந்து நிமிஷம் போயிருந்தால் யாராவது போலீஸைக் கூப்பிட்டிருப்பார்கள்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

எனக்குக் கை கால் வெலவெலத்துவிட்டது. துப்பாக்கியில் குண்டும் இல்லை, வாயுவும் இல்லை. ஆனால் தூரத்தில் நிற்கிறவருக்கு அது எப்படித் தெரியும்? அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரப் பூங்காவில் 2014 நவம்பரில் நகல் துப்பாக்கி வைத்திருந்த 12 வயதுப் பையனை நிஜம் என்று நினைத்துப் போலீஸ்காரர் சுட்டார், பிள்ளை இறந்துபோனான். அந்தச் செய்தியைப் படித்துவிட்டு “ஐயோ பாவம்” என்று பேப்பரை மடித்து வைத்தவள்தான் நானும்.

மாலையில் பெண் வந்தாள். மறைக்காமல் சொன்னோம். அவள் கத்தவில்லை, அழவுமில்லை. “அம்மா, இனிமே இவனை இங்க விடமாட்டேன்” என்று சொல்லிவிட்டுப் பையனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அன்றிரவு இவர், “எல்லாத்தையும் கடையிலேயே திருப்பிக் குடுத்துடறேன்” என்றார். சரி என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அப்போது பார்த்தேன், மறுபடியும் அந்த ஜன்னலோர நாற்காலியில் போய் உட்கார்ந்திருந்தார். துப்பாக்கியைக் கொடுத்துவிடலாம், அந்தச் சிரிப்பையும் சேர்த்துக் கொடுத்துவிட மனசு வரவில்லை. “தப்பு துப்பாக்கியில இல்லீங்க, சாவியில. அதை நான் சரி பண்றேன்” என்றேன்.

மறுநாள் பூட்டோடு இரும்புப் பெட்டி வந்தது. குண்டும் வாயுக் குப்பியும் வேறு இடத்தில், வேறு பூட்டில். இரண்டு சாவியும் என் இடுப்பில். இங்கே இவ்வகைக் காற்றுக் கைத்துப்பாக்கி வாங்க லைசென்ஸ் வேண்டாம், 18 வயது நிரம்பியிருந்தால் போதும். ஆனால் 18 வயதுக்கு உட்பட்டவர் கையில் அது சிக்காதபடி பார்த்துக் கொள்வது வைத்திருப்பவரின் கடமை, தவறினால் குற்றம் என்று 2011-லிருந்து சட்டம். சட்டம் சொல்லித்தான் புத்தி வர வேண்டுமா என்ன!

உங்கள் வீட்டிலும் காற்றுத் துப்பாக்கி இருக்கலாம். இல்லாவிட்டால் பிள்ளைகள் விளையாடும் பிளாஸ்டிக் குண்டுத் துப்பாக்கியாவது இருக்கும். நான் கற்றதைச் சொல்லிவிடுகிறேன். எஃகுக் குண்டு கடினமான இடத்தில் பட்டால் திரும்பி நம்மையே நோக்கித் தெறிக்கும். சுடுகிறவர் மட்டுமல்ல, பக்கத்தில் நிற்கிறவரும் பாதுகாப்புக் கண்ணாடி போட வேண்டும். கண்ணில் பட்டுவிட்டால் கசக்காதீர்கள், அழுத்தாதீர்கள், எதையும் பிடுங்காதீர்கள், கை வைத்தியம் வேண்டவே வேண்டாம். கண்ணில் படாதபடி ஒரு காகிதக் கோப்பையைக் கவிழ்த்து மறைத்துக் கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ஈயக் குண்டைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பிடக் கூடாது, குண்டை வாயில் கவ்வவும் கூடாது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் விஷம்.

இரண்டு மாதம் கழித்துப் பெண் வந்தாள். பெட்டியை இழுத்துப் பார்த்தாள், பூட்டை ஆட்டிப் பார்த்தாள், நான் குக்கர் வாங்குகிற மாதிரியே! கடைசியில், “சாவி?” என்றாள். இடுப்பைத் தட்டிக் காட்டினேன். காரில் காத்திருந்த பேரனைக் கூப்பிட்டாள்.

இவர் அவனை உட்கார வைத்து, வெப்ளியை மடித்து உள்ளே காட்டி, “இது விளையாட்டுச் சாமான் இல்லடா. பார்க்கறவங்களுக்கு இது நிஜம்” என்று சொன்னார். பேரன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அப்ப பஸ் ஸ்டாப்புல இருந்தவங்க பயந்திருப்பாங்களா தாத்தா?” என்று கேட்டான். இவர் பதில் சொல்லாமல் அவன் தலையைத் தடவிக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராய்ச்சி இன்றும் நடக்கிறது. போன வாரம் சாம்பாரில் உப்புப் போதவில்லை என்று கோபித்துக் கொண்டார். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?