நுனி நரம்பு

இமாச்சலத்தின் தீர்த்தன் ஆற்றுக்கும் காஷ்மீரின் லிடர் ஆற்றுக்கும் ட்ரவுட் பிடிக்கக் கிளம்பும் பிள்ளைகள் சிலர், போகும் முன் என்னைப் பார்க்க வருவார்கள். ராடைப் பற்றிக் கேட்பார்கள், ரீலைப் பற்றிக் கேட்பார்கள். லீடரைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. கடையில் விற்கிறதே, வாங்கிக் கட்டினால் ஆயிற்று என்ற எண்ணம். நீலகிரி ஓடைகளில் நின்று நரைத்த எனக்கோ, மனுஷனுக்கும் மீனுக்கும் நடுவிலிருக்கும் அந்த ஒன்பதடி நரம்பில்தான் வித்தை முழுக்க இருப்பதாகத் தோன்றுகிறது.

புழு கோத்துப் போடும் தூண்டிலில் ஈயக்குண்டு நரம்பை இழுத்துக்கொண்டு போகும். ஃப்ளை தூண்டிலில் அந்த வசதி இல்லை. முள்ளில் இறகும் நூலும் சுற்றிச் செய்த பூச்சிக்குக் கனம் ஏது? தடித்த லைன்தான் இங்கே கனம், வீசுவது அதைத்தான். அந்த லைனிலேயே பூச்சியைக் கட்டிவிட்டால் தண்ணீரில் பொத்தென்று விழும், ஓடையிலுள்ள மீனெல்லாம் கல்லுக்கடியில் ஒளிந்துகொள்ளும். அதனால் இடையில் லீடர். அடி தடித்து, போகப்போக மெலிந்து, நுனியில் டிப்பெட் என்னும் மெல்லிய துண்டு. கை கொடுத்த விசை படிப்படியாக இறங்கி, பூச்சி தானே பறந்துவந்து உட்கார்ந்தாற்போல் உட்கார வேண்டும்.

இதற்கு ஒரு கணக்கை வகுத்துத் தந்தவர் சார்ல்ஸ் ரிட்ஸ், பாரிஸ் ரிட்ஸ் ஓட்டல் குடும்பத்துக்காரர். நீளத்தில் நூற்றுக்கு 60 பங்கு தடித்த அடி, 20 பங்கு இடைப்பகுதி, 20 பங்கு நுனி. ஒன்பதடி லீடரில் அடிப்பகுதியே ஐந்தடிக்கு மேல் வந்துவிடும். கற்றுக்கொள்கிறவர்களுக்கு அவ்வளவு தடித்த நரம்பு வீணாகத் தெரியும், நறுக்கிவிடுவார்கள். அப்புறம் பூச்சி விரிந்து போகாமல் சுருண்டு காலடியிலேயே விழும்.

நுனியின் பருமனுக்கு எக்ஸ் கணக்கு. பதினொன்றிலிருந்து எக்ஸ் எண்ணைக் கழித்தால், அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்று வரும். 5எக்ஸ் என்றால் ஆயிரத்தில் ஆறு, சுமார் 0.15 மில்லிமீட்டர். நைலானுக்கு முந்திய காலத்துக் கணக்கு இது. அப்போது பட்டுப்புழுவின் சுரப்பியை இழுத்து நரம்பாக்குவார்கள். ஸ்பெயினின் முர்சியா அதற்குப் பேர்போன ஊர். அதை மெலிதாக்கத் துளைத் தகட்டின் வழியே இழுப்பார்கள்; ஒருமுறை இழுத்தது 1எக்ஸ். ஊறவைக்காமல் முடிச்சுப் போட்டால் படக்கென்று ஒடிந்துவிடும் என்று அந்தத் தலைமுறைக்காரர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

எனக்கு முடிச்சுச் சொல்லிக்கொடுத்தவர் நீலகிரியின் அவலாஞ்சி மீன் பண்ணையில் வாச்சராக இருந்த ஒரு பெரியவர். ட்ரவுட் இந்த மண்ணின் மீன் இல்லை. 1860களில் பிரான்சிஸ் டே கொண்டுவந்து வளர்க்கப் பார்த்தார், பலிக்கவில்லை. பிறகு எச். சி. வில்சன் பாடுபட்டுத்தான் 1907இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிக்கும் பண்ணை வந்தது. முட்டையிலிருந்து பார்த்துப் பார்த்து வளர்த்த கைகள் அந்தப் பெரியவருடையவை. வாயில் முள்ளோடு திரியும் மீனைக் கண்டால் அவருக்கு அன்றைய சோறு இறங்காது.

ஒரு சாயங்காலம், சமவெளியிலிருந்து வந்த ஒருவர் 7எக்ஸ் நுனியில் நல்ல ரெயின்போ ட்ரவுட் ஒன்றை மாட்டினார். நரம்பு அறுந்துவிடுமோ என்ற பயத்தில் விட்டுப் பிடித்து, விட்டுப் பிடித்து, கரை சேர்க்க வெகுநேரம் ஆயிற்று. முள்ளை எடுத்து விட்டார். மீன் வயிறு மேலே தெரியப் புரண்டது. வாச்சர் ஒன்றும் பேசாமல் முழங்காலளவு குளிர்ந்த தண்ணீரில் இறங்கி, மீனின் முகம் ஓட்டத்தைப் பார்க்க இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு நின்றார். செவுள் மெல்லத் திறந்து மூடத் தொடங்கியது. வால் ஒரு தட்டுத் தட்டி, கையை விட்டுப் போயிற்று. கரையேறி ஈரக் கையைத் துடைத்தபடி, "சார், மீன் வேணும்னா சீக்கிரம் எடுங்க. வேணாம்னா சீக்கிரம் விடுங்க. இந்த நரம்புல ரெண்டும் முடியாது" என்றார்.

சட்டைப்பையிலிருந்து ஒரு தைல டப்பாவை எடுத்தார். அதில் அவருடைய நரம்புச் சுருள்கள். 7எக்ஸை வெட்டிவிட்டு 4எக்ஸ் துண்டு ஒன்றை பிளட் நாட் முடிச்சால் சேர்த்தார். இரண்டு நுனியையும் எதிரெதிராக வைத்து, ஒன்றின்மேல் மற்றதை ஐந்து சுற்று. நடுவிலுள்ள துளையில் இரண்டு நுனியும் எதிர்த் திசையில் நுழையும். பிறகு எச்சில் தொட்டு, அவசரமில்லாத ஒரே இழுப்பு. காய்ந்த நைலானை வெடுக்கென்று இழுத்தால் உரசும் சூட்டில் அங்கேயே பலம் போய்விடும். வெட்டிய துணுக்குகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டுக்கொண்டார். பறவைக் காலில் சுற்றுமாம்.

மெல்லிய நுனிதான் கெட்டிக்காரத்தனம் என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு அந்தச் சாயங்காலத்தைத்தான் சொல்கிறேன். வெகுநேரம் போராடிய மீன் நீந்திப் போனாலும் பிழைக்கும் என்று நிச்சயமில்லை; சோர்வு உள்ளே நின்று பிற்பாடு கொல்லும். பூச்சி சரியாக மிதக்கிற வரைக்கும், எவ்வளவு தடித்த நுனி தாங்குமோ அவ்வளவு தடிப்பாகக் கட்டுங்கள். முள் எண்ணை மூன்றால் வகுத்தால் எக்ஸ் கிடைக்கும்: 12ஆம் எண் முள்ளுக்கு 4எக்ஸ். மழைக்குப் பின் கலங்கிய தண்ணீரில் ஏழரை அடி லீடரும் 3எக்ஸும் போதும். பனிக்காலத்தில் கண்ணாடிபோல் தெளிந்து நிற்கும் தண்ணீரில் மீன் மிரண்டால், நுனியை மெலிதாக்குமுன் லீடரைப் பன்னிரண்டடிக்கு நீட்டிப் பாருங்கள். பெரும்பாலும் அதுவே போதும்.

ஃப்ளூரோகார்பன் நல்ல சரக்குதான், ஆனால் மூழ்கும் குணம் உள்ளது. மிதக்கும் பூச்சிக்கு எனக்கு நைலானே பிடிக்கும். வெயில் பட்ட நைலான் பலம் இழக்கும். போன வருஷச் சுருளை நம்பிப் பெரிய மீனைக் கேட்காதீர்கள்.

இன்னொன்று. வீசும்போது காற்றில் தானாக விழும் முடிச்சு நரம்பின் பலத்தில் பாதியைத் தின்றுவிடும். நாலு வீச்சுக்கு ஒருதரம் லீடரை விரலிடுக்கில் ஓடவிட்டுப் பாருங்கள். நெருடினால் அந்த இடத்தை வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள். அதை வெளிச்சம் இருக்கும்போதே செய்துவிட வேண்டும். பெரிய மீன் மேலே வருவது பொழுது சாயும் நேரத்தில்தான், அப்போது முடிச்சின் துளை கண்ணுக்குத் தெரியாது.