கடல்ல எஞ்சின் நின்னா முதல்ல எங்க பார்க்கணும்?

கடல்ல எஞ்சின் நின்னுட்டா நம்மாளுங்க செய்யற முதல் வேலை பிளக்கைக் கழட்டறது. அடுத்த சந்தேகம் கார்புரேட்டர் மேல. பாவம், பல நேரம் ரெண்டு பேருமே நிரபராதி. குளச்சல் பக்கம் மாமாவோட ஃபைபர் வள்ளத்துல லீவு நாள்ல தொத்திக்கிட்டுப் போறவன் நான். அங்க கத்துக்கிட்டது இதுதான்: எண்ணெய் எந்த வழியா வருதோ, அதே வழியா நாமும் தேடிப் போகணும். கேன்ல ஆரம்பிச்சு எஞ்சின்ல முடிக்கணும்.

வழி ரொம்ப எளிசு. கேன், ரப்பர் ஹோஸ், நடுவுல கையால பிசையற ரப்பர் பல்ப், ஃபில்டர், பம்ப், கார்புரேட்டர். அந்தப் பம்புக்குக் கரண்டெல்லாம் கிடையாது. எஞ்சினுக்குள்ள அழுத்தம் ஏறி இறங்கும்போது ஒரு மெல்லிய சவ்வு துடிக்கும், அந்தத் துடிப்புலதான் எண்ணெய் வருது. சவ்வுல ஊசி முனை அளவு ஓட்டை விழுந்தாலும் கதை முடிஞ்சது.

இந்த வழியில பல்புதான் டாக்டர். அது மேல அம்புக்குறி இருக்கும், எஞ்சினைப் பார்த்து இருக்கணும். அப்புறம் கையில பிடிச்சுப் பாருங்க.

பிசைஞ்சா கல்லு மாதிரி ஆகுதா? அதுவரைக்கும் வழி சரி. பிசையப் பிசைய கெட்டியாகவே மாட்டேங்குதா? எங்கேயோ காத்து இழுக்குது, இல்ல பல்புக்குள்ள வால்வு போயிடுச்சு, இல்ல கார்புரேட்டர்ல ஊசி அடைக்காம எண்ணெய் வழியுது. வழிஞ்சா மூடியைத் திறந்து ஆவி போகவிடுங்க. பீடியை அணைச்சுட்டு! ஓடும்போதே பல்ப் சப்பிப் போகுதா? அடைப்பு பல்புக்கும் கேனுக்கும் நடுவுல. முதல்ல மூடியில இருக்கிற காத்துத் திருகு. அது மூடியிருந்தா கேனுக்குள்ள காத்து போகாது, எண்ணெயும் வெளிய வராது.

போன வருஷம் ஒரு நாள் அப்படித்தான். மெதுவா ஓட்டினா நல்லா ஓடுது. முழு வேகத்துல வச்சா ரெண்டு மூணு நிமிஷத்துல இருமிக்கிட்டே நிக்குது. பல்ப் சப்பிக் கிடக்கு. திருகு திறந்துதான் இருக்கு, ஃபில்டரும் சுத்தம். ஹோஸைக் கழட்டி ஊதினா காத்து ஜம்முனு போகுது. கூட வந்த பையன், "நான் பல்பப் பிசைஞ்சிக்கிட்டே இருக்கேன், நீங்க முழு வேகத்துல கரைக்கு விடுங்க"ன்னான். மாமா, "வேண்டாம் மக்கா, பிஸ்டன் போயிரும்"னு ஒரே வார்த்தையில நிறுத்திட்டார்.

ஏன்? இந்த மாதிரி ரெண்டு ஸ்ட்ரோக் எஞ்சினுக்குப் பெரும்பாலும் மசகு எண்ணெய் தனியா ஊத்தறது இல்ல. எரிபொருள்ல கலந்துதான் போகுது. எரிபொருள் குறைஞ்சா மசகும் குறையும். பசியோட ஓடற எஞ்சின் தாகத்தோடவும் ஓடுது. சூடேறி பிஸ்டன் பிடிச்சுக்கிட்டா, அந்த வீட்ல எத்தனை நாள் அடுப்பு எரியும்ங்கறதே கேள்வி. எஞ்சின் நிக்கறது நஷ்டம் இல்ல. நிக்கப்போற எஞ்சினை விரட்டி ஓட்டறதுதான் நஷ்டம்.

மாமா ஹோஸை விரலால தடவிக்கிட்டே போனார். கேன் பக்கம், தினம் வெயில் படற இடத்துல, ஒரு சாண் நீளம் கொழகொழன்னு இருந்துது. கத்தியால அறுத்தார். வெளிய முழுசா இருக்கு, உள்ள ரப்பர் தோல் மாதிரி உரிஞ்சு தொங்குது. ஊதினா ஒதுங்கிக்குது, எஞ்சின் உறிஞ்சினா ஒட்டிக்குது. கெட்ட பகுதியை வெட்டிப் போட்டுட்டு, கேனைப் பக்கத்துல இழுத்து வச்சு மாட்டினார். வீடு வந்து சேர்ந்தோம்.

இன்னும் ரெண்டு விஷயம் சொல்லணும். மண்ணெண்ணெய்ல ஓடற எஞ்சினைப் பெட்ரோல்ல ஸ்டார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாத்துவாங்க. கரைக்கு வர்றதுக்கு முன்னாடி மறுபடி பெட்ரோலுக்கு மாத்தி கொஞ்ச நேரம் ஓட்டணும். இல்லேன்னா கார்புரேட்டர் கிண்ணத்துல மண்ணெண்ணெய் தங்கி, மறுநாள் விடியக்காலையில கயிறு இழுத்து இழுத்துத் தோள்பட்டை கழண்டுடும். அடியில இருக்கிற திருகைத் தளர்த்தி கிண்ணத்தைக் காலி பண்ணிட்டா சரியாயிடும்.

ரெண்டாவது, இப்ப பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால் வருது. எத்தனால் தண்ணியை இழுக்கும். அளவு மீறினா ரெண்டும் சேர்ந்து பிரிஞ்சு அடியில தங்கும். மசகு எண்ணெயோ மேல பெட்ரோலோட நின்னுடும். எஞ்சின் உறிஞ்சறது அடியிலேர்ந்து! பழைய ரப்பரையும் எத்தனால் கெடுக்கும். அதனால மாசக்கணக்கா மூலையில கிடந்த பெட்ரோலைக் கடலுக்கு எடுத்துட்டுப் போகாதீங்க. சந்தேகமா இருந்தா கொஞ்சம் கண்ணாடி பாட்டில்ல பிடிச்சு அசையாம வச்சுப் பாருங்க. தண்ணி இருந்தா அடியில கோடு தெரியும்.

இப்ப மாமா வள்ளத்துல ஒரு பிளாஸ்டிக் டப்பா இருக்கு. ரெண்டு முழம் புது ஹோஸ், ஒரு பல்ப், நாலு கிளிப், ஒரு ஃபில்டர், ஒரு கத்தி. எல்லாம் சேர்த்து ஒரு நாள் எண்ணெய்ச் செலவு கூட ஆகாது. உங்க ஊர்ல வள்ளம் வச்சிருக்கிற சொந்தக்காரங்க யாராவது இருந்தா, இந்த டப்பாவைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லி வைங்க மக்களே.