ஆறு வாரத்துக்கு ஓர் அறை

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு வீட்டு வாடகை பழக்கமில்லாத சங்கதி. வேலை கிடைத்தால் லயத்து வீடும் சேர்ந்தே கிடைத்தது. முன்பணம் கேட்டவர் யாருமில்லை. வேலை முடிந்த அன்று வீடும் கையை விட்டுப் போகும் என்பது தனிக்கதை. ஆகவே, பட்டணத்தில் சில வாரங்களுக்கு மட்டும் ஓர் இடம் பிடிப்பது எப்படி என்று நம் பெரியவர்கள் நமக்குச் சொல்லித் தந்ததில்லை. அவர்களுக்கு அந்த அவசியம் வரவுமில்லை.

எனக்குச் சென்ற ஆண்டு வந்தது. சுங்கை ரம்பாய்ப் பக்கத்துத் தோட்டமொன்றில் செம்பனை உதிரிப்பழம் பொறுக்கியே மூன்று பிள்ளைகளை ஆளாக்கியவர் என் மூத்த அக்கா. மார்பில் கட்டி. அறுவை சிகிச்சை மலாக்காவிலேயே நல்லபடியாக முடிந்தது. அடுத்தது கதிர் சிகிச்சை. அதற்குக் கோலாலம்பூர் பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். திங்கள் முதல் வெள்ளி வரை நாள்தோறும், மொத்தம் 25 தடவை. ஒவ்வொரு தடவையும் சில நிமிடங்கள்தாம். அதனால் வார்டில் கட்டில் கிடையாது. வந்து போக வேண்டும். முன்னதாக அளவெடுத்து உடம்பில் குறி வைக்கும் நாட்களையும் சேர்த்தால் 6 வாரம். சுங்கை ரம்பாயிலிருந்து மலாக்கா சென்ட்ரல் போய், அங்கிருந்து விரைவுப் பேருந்தில் இரண்டு மணி நேரம் போய், மறுபடி இரவில் திரும்புவதை நோயாளி உடம்பு தாங்குமா?

அக்கா ஒரே பேச்சில் முடித்துவிட்டார். “வேணாம் தம்பி. ஊர் விட்டு ஊர் போயி, காசைக் கொட்டி எதுக்கு? கட்டியைத்தான் எடுத்துட்டாங்களே.”

மருத்துவர் அப்படிச் சொல்லவில்லை. கண்ணுக்குத் தெரியாமல் மிச்சம் இருப்பது மறுபடி தலைதூக்காமல் இருக்கத்தான் இந்தச் சிகிச்சை என்றார். ஆகவே இடம் கிடைக்கிறதா இல்லையா என்பதில்தான் அக்காவின் சிகிச்சையே தொங்கிக்கொண்டிருந்தது.

முதலில் வீட்டுத் தரகர் ஒருவரிடம் பேசினேன். அடுக்குமாடி வீடு, மாதம் 1,500 வெள்ளி. ஒப்பந்தம் ஓராண்டுக்கு. இரண்டு மாத முன்பணம் 3,000, தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம் 750, முதல் மாத வாடகை 1,500. ஆக 5,250 வெள்ளியை வைத்தால்தான் சாவி. “ஆறு வாரம்தானா சார்? அப்போ ஹோட்டலுக்குப் போங்க” என்று அவர் பேச்சை முடித்துக்கொண்டார். அவரையும் குறை சொல்ல முடியாது. ஆறு வாரத்துக்கு ஒரு குடும்பத்தை ஏற்றி இறக்கினால் அவருக்கு என்ன மிஞ்சும்?

அடுத்து, சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் கணக்கில் விடும் வீடுகள். கைத்தொலைபேசியில் படங்கள் பளபளத்தன. ஓர் இரவுக்கு 180 வெள்ளி. 42 இரவுக்குப் பெருக்கிப் பார்த்தேன்: 7,560. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. இப்படி நாள் கணக்கில் விடுவதை எல்லாக் கட்டடங்களும் ஏற்பதில்லை. மோன் கியாராவிலுள்ள ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வழக்கில், அத்தகைய வாடகையைத் தடுக்கும் விதியை நிர்வாகக் குழு வகுக்கலாம் என்று 2020-இல் நம் கூட்டரசு நீதிமன்றமே தீர்ப்பளித்திருக்கிறது. வீட்டுக்காரர் சரி என்றாலும், “இந்தக் கட்டடத்தில் அனுமதி உண்டா?” என்று கேட்டே பணம் கட்ட வேண்டும். மூட்டையும் நோயாளியுமாகப் போய்க் காவலாளியிடம் நிற்கும் நிலை வரக்கூடாது.

மிஞ்சியது தனி அறைதான். அறை விளம்பரங்களில் சில, ‘சீனருக்கு மட்டும்’ என்று வெளிப்படையாகவே போட்டிருந்தன. சில போடவில்லை, ஆனால் என் பெயரைக் கேட்டதும், ஐந்து நிமிடத்துக்கு முன் காலியாக இருந்த அறைக்குத் திடீரென்று ஆள் வந்துவிட்டது. அப்படி மூன்று. இன்னொருவர் அறையைக் காட்டுமுன்பே 300 வெள்ளியை வங்கியில் போடச் சொன்னார். “நேரில் பார்த்துவிட்டுத் தருகிறேன்” என்றேன். அதோடு தொடர்பு அறுந்தது.

குறி வைப்பதற்கு முன், மருத்துவரைப் பார்க்க அக்காவை அழைத்துப்போன நாளில்தான் வழி பிறந்தது. காத்திருக்கும் பெஞ்சியில் பக்கத்தில் ஓர் இளைஞர். பகாவ் பக்கத்திலிருந்து தாயாரைக் கூட்டி வந்தவர். அன்றோடு சிகிச்சை முடிகிறதாம். எங்கே தங்கினீர்கள் என்று கேட்டேன். செந்தூலில் மலிவு விலை அடுக்குமாடியில் ஓர் அறை, நாளைக்குக் காலி செய்கிறோம் என்றார். ஆஸ்பத்திரியிலேயே மருத்துவச் சமூகநலப் பிரிவு இருப்பதையும், தங்கும் இடமோ உதவிப் பணமோ பற்றி அங்கே கேட்கலாம் என்பதையும் அவர்தாம் சொன்னார். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் முதல் நாளே அங்கே போய் விசாரிப்பது நல்லது.

செந்தூல் நமக்கு அந்நியமான இடமல்ல. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே ரயில்வே பட்டறை அமைந்ததிலிருந்து தமிழர்கள் குடியேறிய ஊர். நமக்கு வசதியான இன்னொன்று: தெற்கிலிருந்து வரும் பேருந்துகள் 2011 முதல் புடுராயாவுக்குப் போகாமல் பண்டார் தாசேக் செலாத்தானில் நிற்கின்றன. அங்கேயே எல்.ஆர்.டி. ஏறினால் தித்திவங்சா, அதற்கு அடுத்தது செந்தூல்; ரயில் மாற வேண்டியதில்லை. ஆஸ்பத்திரிக்குத் தித்திவங்சாவில் இறங்கி நடக்கலாம். நடக்க முடியாதவர்கள் அங்கே எம்.ஆர்.டி.க்கு மாறி ஒரே நிறுத்தம் போகலாம். ஆஸ்பத்திரி பெயரிலேயே 2023-இல் ஒரு நிலையம் திறந்துவிட்டார்கள்.

வீட்டுக்கார அம்மாள் ரயில்வே ஊழியரின் விதவை. என்னிடம் அதிகம் பேசவில்லை, அக்காவைத்தான் பார்த்தார். “பசியாறியாச்சா?” என்று கேட்டுவிட்டு அறையைத் திறந்தார். ஜன்னல் இருந்தது. குழாயைத் திருகிப் பார்த்தேன், தண்ணீர் வேகமாக வந்தது. நான்காவது மாடி. லிப்ட் ஓடுகிறதா என்று நானே இரண்டு முறை ஏறி இறங்கிப் பார்த்தேன். அக்கா கேட்டது ஒன்றே ஒன்று: “கஞ்சி வச்சுக்கலாமா?”

“தாராளமா. கருவாடு மட்டும் வறுக்காதீங்க, பக்கத்து வீட்டுக்காரங்க சண்டைக்கு வருவாங்க.”

மாதம் 600 வெள்ளி, ஆறு வாரத்துக்கு 900. முன்பணம் 300. நான் பள்ளி நோட்டுத் தாளில், நுழையும் தேதி, போகும் தேதி, முன்பணம், மின்சாரம் யார் கணக்கு, அறையில் எத்தனை பேர் என்று எழுதி இரண்டு பிரதியிலும் கையெழுத்துக் கேட்டேன். அம்மாள் சிரித்துவிட்டார். “வாத்தியார்னு சொல்லாமலே தெரியுது.” ஆனாலும் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு முழுவதையும் படித்த பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.

நான் வேலைக்குத் திரும்ப, அக்காவின் மூத்த மகள் உடனிருந்தாள். பதினைந்தாவது தடவைக்குப் பிறகு தோல் கறுத்து எரிந்தது, சாப்பாடு இறங்கவில்லை. அந்த வாரம் முழுக்க வீட்டுக்கார அம்மாளே கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாராம். 25 தடவையும் ஒரு நாள்கூடத் தவறாமல் முடிந்தது.

காலி செய்த அன்று முன்பணத்தில் மின்சாரத்துக்கு 40 வெள்ளி பிடித்துக்கொண்டு மீதி 260-ஐ எண்ணிக் கொடுத்தார் அந்த அம்மாள். நான் என் பிரதியில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதினேன். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இப்போது அந்த அறையில் தெலுக் இந்தானிலிருந்து வந்த தாயும் மகனும் இருக்கிறார்களாம்.