மோர்பாத் பங்கின் கணக்கேடு

இங்கிலாந்தின் தென்மேற்கில், டெவன் மாவட்டத்து எக்ஸ்மூர் மேட்டுநிலத்தின் ஓரமாக மோர்பாத் என்றொரு சிற்றூர் உண்டு. அங்குள்ள புனித ஜார்ஜியார் ஆலயம் பிரமாண்டமானதன்று. பழங்கோபுரம் நிற்கிறது, உட்புறம் 19-ஆம் நூற்றாண்டின் புதுப்பித்தலில் பெரிதும் மாறிவிட்டது. இன்று அது ஆங்கிலிக்கன் சபையாருடையது. ஆயினும் அச்சுவர்களுக்குள் கத்தோலிக்க வாழ்வு எவ்வாறு செழித்தது, எவ்வாறு மறைந்தது என்பதை நாம் அறிவது, பங்குக்குரு கிறிஸ்தோபர் டிரிக்கி எழுதிவைத்த கணக்கேட்டினாலேயே. வரலாற்றாசிரியர் ஈமன் டஃபி 2001-இல் அதனை ஆராய்ந்து ஒரு நூலே எழுதினார்.

கணக்கெழுதுவது குருக்களுக்கு உவப்பான வேலையன்று. ஆண்டு முடிவில் நானும் பெருமூச்சுடனேயே அதற்கு அமர்கிறேன். டிரிக்கியோ 1520 முதல் 1574 வரை, 54 ஆண்டுகள் அங்குப் பணிபுரிந்து, 33 குடும்பங்களே கொண்ட அப்பங்கின் வரவு செலவைப் பதிந்து, மக்கள் முன்னிலையில் உரக்க வாசித்தும் காட்டினார்.

அதில் எத்தனை உயிர்த்துடிப்பு! ஆலயத்துக்கென ஆடுகள் இருந்தன. குடும்பத்தார் தத்தம் மந்தையோடு அவற்றையும் பேணினர். கம்பளி விற்ற காசில் சுரூபங்களின் முன் திரிகள் எரிந்தன. விளக்கெரிக்கவென ஒருவர் தேனீக்கூட்டத்தையே விட்டுச் சென்றார். இளைஞருக்கொரு நிதி, கன்னியருக்கொரு நிதி. ஆலயத்தைச் சார்ந்த பொதுவீட்டில் விருந்து வைத்து, பார்லி மது விற்றும் பணம் திரட்டினர். (நம் பங்குப் பேரவையார் இதனை முன்மாதிரியாகக் கொள்ளாதிருப்பாராக!) மரித்தோர் பூசைக்குக் கறுப்பு உடைகள் வாங்க டிரிக்கி இருபதாண்டுகளுக்கும் மேலாகச் சிறுகச் சிறுகச் சேர்த்தார்.

அவை வந்து சேர்ந்த சிறிது காலத்திற்குள் ஆறாம் எட்வர்ட் அரசனின் ஆணைகள் வந்தன. சுரூபங்கள் அகற்றப்பட்டன, நிதிகள் கலைந்தன, ஆலயப் பொருட்கள் விலைபோயின. 1549-இல் இலத்தீன் பூசைக்குப் பதிலாக ஆங்கில வழிபாடு திணிக்கப்பட்டபோது டெவன் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். எக்ஸெட்டர் நகரை முற்றுகையிட்டோரின் பாசறைக்கு மோர்பாத் ஐந்து இளைஞரைப் பங்குச் செலவிலேயே அனுப்பியது. கிளர்ச்சி நசுக்கப்பட்டது. எக்ஸெட்டரை அடுத்த புனித தோமையார் ஆலயக் குரு, பூசை உடையுடனேயே தம் கோபுரத்தில் தூக்கிலிடப்பட்டார்.

டிரிக்கி உயிர் தப்பினார். 1553-இல் மேரி அரசி பட்டமேறியதும், வீடுகளில் மறைந்திருந்த ஆலயப் பொருட்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. அம்மகிழ்ச்சி ஐந்தாண்டே. எலிசபெத் காலத்தில் மீண்டும் பீடம் போயிற்று. டிரிக்கி புதிய வழிபாட்டை ஏற்று, அதே பங்கில் தங்கினார்.

அதனை நான் சரியென்று சொல்லேன்; விசுவாசத்துக்காக உயிர் நீத்தவர்களை எண்ணினால் சொல்லவும் முடியாது. ஆனால் கோழையென்றெழுதவும் கை எழவில்லை. ஒவ்வொரு வீட்டின் ஆட்டையும் கணக்கில் அறிந்திருந்த மனிதர் அவர். அவ்வீட்டாரை விட்டு எங்கே போவார்? 1574-இல் அவர் இறந்தபோது, அவ்வூரில் 14 வயதுக்குட்பட்ட பிள்ளை எதுவும் தன் ஆலயத்தில் பூசை கண்டதில்லை.