தாத்தாவோட கொடுவாள்

சின்ன வயசுல கல்வராயன் மலையில ஒரு கல்திட்டையைக் காட்டி "குள்ளருங்க குடியிருந்த வீடுடா" என்றார் தாத்தா. அப்படியே நம்பிட்டேன். அது வீடில்லை, பெருங்கற்கால ஈமச்சின்னம்னு ரொம்ப வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சது.

2021ல கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில அந்தக் காலத்துக் கல்லறை ஒண்ணைத் தோண்டினப்போ சுமார் 70 செ.மீ. நீளத்துல இரும்பு வாள் கிடைச்சுது. ஆதிச்சநல்லூர்லயும் 1899-1905ல அலெக்சாண்டர் ரீ தோண்டினப்ப தாழிகளோட வாள்களும் வந்தன.

யோசிச்சுப் பாருங்க. இரும்புக்கல்லைப் பொறுக்கி, கரி போட்டு உருக்கி, அடிச்சு அடிச்சு செஞ்ச வாள். புள்ளைங்க வச்சுக்கிட்டிருக்கலாம். ஆனா செத்தவரோடயே வச்சு மூடிட்டாங்க.

எங்க தாத்தா போனப்ப, பதினாறாம் நாளே அவரோட கொடுவாளுக்காக அப்பாவும் சித்தப்பாவும் சண்டை போட்டாங்க. அன்னைக்கு ராத்திரி அது காணாமப் போச்சு. 'நீதான் எடுத்தே'ன்னு ஆரம்பிச்சது, இன்னைக்கு வரைக்கும் ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

வைக்கப்போருக்குள்ள ஒளிச்சு வச்சது நான்தான். தாத்தா ஞாபகமா எனக்கு வேணும்னு தோணுச்சு. இப்பவும் என் பரண்மேலதான் துருப்பிடிச்சுக் கிடக்கு.

அவரோடயே குழியில வச்சிருக்கலாம். அந்தக் காலத்து மனுசங்க விவரமானவங்கதான்.