கிளப் இல்லாத ஊரில் பழைய பாட்டு

திருக்கோவிலில் கிளப் இல்லை. அக்கரைப்பற்றில் இல்லை, கல்முனையிலும் இல்லை. தெற்கே பொத்துவிலைத் தாண்டி அறுகம்பைக்குப் போனால், அலைச்சறுக்கு சீசன் நடக்கிற மாதங்களில் மட்டும் கடற்கரையோரம் டீஜே நைட் இருக்கும். அங்க ஆடுறவர்கள் அனேகமாக வெளிநாட்டுக்காரர். எங்கட சனம் ஆடுற இடம் வேற. கலியாண வீடு, சாமத்திய வீடு, பிறந்தநாள், பழைய மாணவர் ஒன்றுகூடல். டான்ஸ் ஃப்ளோர் எண்டால் எங்களுக்கு பந்தலுக்கு முன்னால தண்ணி தெளிச்சு அடக்கின மணல் முற்றம்தான்.

நாங்கள் நாலு பேர். மூன்று பேர் கலைப்பீடம். கம்பஸ் லீவுக்கு ஊருக்கு வந்தால் தெரிஞ்ச சவுண்ட்ஸ் அண்ணன் ஒருத்தரோட சேர்ந்து இந்த விழாக்களுக்குப் பாட்டுப் போடுவோம். ஒரு லப்டொப், செக்கன்ட் ஹேண்டில வாங்கின சின்ன கொன்ட்ரோலர், மிச்சமெல்லாம் அண்ணனின் சாமான். காசு பெரிசா வராது, சாப்பாடு நல்லா வரும். இப்படிப் போகத் தொடங்கி ரெண்டு வருசத்தில நாங்கள் அதிகம் சண்டை பிடிச்ச விசயம் ஒன்றே ஒன்றுதான்: ஒரு ராத்திரியில எவ்வளவு புதுப் பாட்டு, எவ்வளவு பழைய பாட்டு?

முதலில் நேரக் கணக்கைச் சொல்லிவிடுகிறோம். 2007இல் இலங்கை உயர் நீதிமன்றம் ஒலிபெருக்கிச் சத்தம் பற்றிக் கொடுத்த உத்தரவுக்குப் பிறகு, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குப் பொதுவாக அனுமதி கிடையாது. விழா 7 மணிக்கு முதல் சூடு பிடிக்காது. ஆக எங்களிட்ட இருக்கிறது 3 மணித்தியாலம். முழுப் பாட்டாகப் போட்டால் 45 பாட்டு. இடையில வெட்டி, சரணத்தைத் தூக்கிப் போட்டால் அதில ரெண்டு மடங்கு. இதுக்குள்ள 7 வயசுப் பிள்ளையும் ஆட வேணும், 70 வயசு அம்மம்மாவும் தலையாட்ட வேணும். அறுகம்பை டீஜேக்கு இந்தப் பிரச்சினை இல்லை. அவருக்கு முன்னால நிக்கிற எல்லாருக்கும் கிட்டத்தட்ட ஒரே வயசு.

புதுப் பாட்டு லேசு. சாய் அபயங்கரின் 'கட்சி சேர', அனிருத்தின் ஏதாவது ஒன்று, இடையில யோஹானி 2021இல் பாடிப் பரவின 'மெனிக்கே மகே ஹிதே' என்று போட்டுக்கொண்டு போனால் பொடியன்கள் இறங்கமாட்டார்கள். இவை கணினியில கிளிக் சத்தத்துக்குப் பூட்டிச் செய்தவை. வேகம் முதலிலிருந்து கடைசி வரை மாறாது, பேஸ் நிறைய இருக்கும், ஒன்றிலிருந்து மற்றதுக்குப் போக மென்பொருளே வழிகாட்டும்.

பழைய பாட்டு அப்படியில்லை. 70களிலும் 80களிலும் வந்த பாட்டுகளை ஆட்கள் கூடி இருந்து வாசிச்சார்கள். தபேலாக்காரர் உற்சாகமானால் பாட்டு கொஞ்சம் வேகம் எடுக்கும், சரணத்தில தளரும். லப்டொப் போடுற கட்டத்துக்குள்ள அது அடங்காது. கையால பிட்ச் ஃபேடரைத் தள்ளித் தள்ளித்தான் பிடிக்க வேணும். ஒலி அளவும் குறைவு. அனிருத்துக்குப் பிறகு அப்படியே ஒரு இளையராஜா பாட்டை விட்டால் ஸ்பீக்கர் பழுதாப் போச்சோ என்று ஆக்கள் திரும்பிப் பார்ப்பார்கள். இன்னொன்று, அந்தப் பாட்டுகள் வயலின், புல்லாங்குழல், ஒரு ஹம்மிங் என்று தொடங்கும். கலக்கிறதுக்குத் தோதான வெறும் தாளம் தொடக்கத்தில இருக்காது. அமெரிக்காவில் டிஸ்கோக் காலத்தில், 70களின் நடுவில், டொம் மோல்டன் பாட்டுகளை நீட்டி, தாளப் பகுதியைப் பெருப்பிச்சு 12 அங்குல இசைத்தட்டாக்கினது டீஜேக்களுக்கு உதவினது. தமிழ்ப் பாட்டுக்கு அப்படி ஒருத்தர் இருக்கவில்லை. அந்த வேலையை நாங்களே முதல் நாள் ராத்திரி இருந்து செய்கிறோம்.

இதுக்கு நாங்கள் கண்டுபிடிச்ச வழிகள் சின்னச் சின்னது. ஆலையடிவேம்புப் பக்கம் விழா என்றால் இஷா பாங்கு கேட்கும். பாங்கு தொடங்கினதும் பாட்டை நிப்பாட்டுவோம். முடிஞ்சதும் அமைதியிலிருந்துதான் திரும்பத் தொடங்க வேணும். மெதுவான முன்னிசை உள்ள பழைய பாட்டுக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. அதே மாதிரி முழுப் பழைய பாட்டும் தேவையில்லை என்பதையும் படிச்சுக்கொண்டோம். 1973 ஓகஸ்ட் 11, நியூயோர்க் பிரொங்ஸில் தங்கச்சி வைச்ச விருந்தில பாட்டுப் போட்ட கூல் ஹேர்க் என்ற யமேக்கப் பொடியன், சனம் எந்த இடத்தில துள்ளுது என்று பார்த்து, இசைத்தட்டின் அந்தத் தாளத் துண்டுகளைத்தான் நீட்டினார். ஹிப் ஹொப் அங்கதான் தொடங்கினது என்று சொல்லுவார்கள். எங்கட கைக்கு வந்தது ஒரே பாடம்: பழைய பாட்டில சனத்துக்கு வேண்டிய இடம் எது என்று தெரிஞ்சால் 90 செக்கன் போதும்.

இதுவரைக்கும் சொன்னது தொழில்நுட்பம். எங்களை உண்மையில் யோசிக்க வைச்சது போன வருசம் தம்பிலுவில் பக்கம் நடந்த ஒரு கலியாண வீடு.

எட்டரை மணி இருக்கும். பொடியன்கள் குத்துப் பாட்டில நிக்கிறார்கள். பெண்கள் எல்லாம் வழக்கம்போல பிளாஸ்டிக் கதிரையில சுத்தி இருக்கிறார்கள். ஒரு அம்மம்மா எழும்பி எங்கட மேசைக்கு வந்தா. "மனே, மனோகரன்ட பாட்டு இல்லையா?" என்று கேட்டா. ஏ.ஈ. மனோகரனின் 'சுராங்கனி' இருந்தது. பைலாவும் 6/8 தாளம், குத்தும் பெரும்பாலும் 6/8 தாளம். ஆகவே ஓடிக்கொண்டிருந்த குத்திலிருந்து வெட்டில்லாமல் அப்படியே இறக்கினோம். பொடியன்கள் ஒரு நிமிசம் திகைச்சு நின்றார்கள். கதிரைகள் காலியாகின. மாமிமார், சித்திமார், மாப்பிள்ளையின் பெரியம்மா எல்லாரும் முற்றத்துக்கு வந்துவிட்டார்கள். அந்த ராத்திரியில பெண்கள் ஆடத் தொடங்கினது அந்தப் பாட்டில்தான். அதுக்குப் பிறகு புதுப் பாட்டுக்கும் அவர்கள் இறங்கவில்லை.

பிறகு நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே' கேட்டா. அதுவும் இருந்தது. மூன்றாவதாக ஒரு பாட்டுக் கேட்டா. பேர் தெரியாது, பாடினவர் பேரும் தெரியாது, முதல் ரெண்டு வரியைப் பாடிக் காட்டினா. எங்கட லப்டொப்பில இல்லை. டேட்டா போட்டு யூடியூப்பில தேடினோம், கிடைக்கவில்லை. "கெசட் வீட்ட இருந்த மனே, கடல் வந்து கொண்டு போயிற்று" என்றுவிட்டு, கோபமோ கவலையோ இல்லாமல், போய்க் கதிரையில இருந்தா.

2004 டிசம்பர் 26 நடக்கேக்க நாங்கள் கைக்குழந்தைகள். ஆட்களையும் வீடுகளையும் கடல் கொண்டு போன கதை எல்லா வீட்டிலயும் கேட்டு வளர்ந்தோம். பாட்டுகளையும் கொண்டு போயிருக்கு என்று அன்றைக்குத்தான் யோசிச்சோம்.

வீட்ட வந்து 'ஓல்ட்' என்று பேர் வைச்ச எங்கட கோப்புறையைத் திறந்து பார்த்தோம். எம்.ஜி.ஆர். பாட்டு, சிவாஜி பாட்டு, இளையராஜா, தேவா, ரஹ்மான். எல்லாம் இந்தியச் சினிமா. இலங்கைப் பாட்டு விரல் விட்டு எண்ணலாம். புதுசா பழசா என்று ரெண்டு வருசம் சண்டை பிடிச்ச நாங்கள், யாருடைய பழசு என்று ஒருநாளும் கேட்டதில்லை.

இந்தத் தீவில தமிழ்ப் பொப்பிசை என்று ஒன்று இருந்தது. மனோகரன், நித்தி கனகரத்தினம், திருகோணமலையின் பரமேஷ்–கோணேஷ் சகோதரர்கள் என்று 60களின் கடைசியிலும் 70களிலும் பெரிய கூட்டமே பாடினது. அதன் ஒரு வேர் பைலா. பைலாவுக்கு வேர் போர்த்துக்கேயர் காலத்து கப்ரிஞ்ஞா. வோலி பாஸ்டியன் என்ற பொலிஸ்காரர் அதைச் சிங்கள மேடைப் பாட்டாக்கினார். எங்களுக்கு வடக்கே மட்டக்களப்பில பறங்கியர் கலியாண வீடுகளில் கப்ரிஞ்ஞா ஆடுகிற வழக்கம் இருக்கு. சிங்களமும் தமிழும் கலந்த 'சுராங்கனி' இந்த வழியில வந்த பாட்டு. அது கடல் தாண்டிப் போய் 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில இளையராஜா இசையில் மலேசியா வாசுதேவன் குரலில் வந்தது. அதனாலதான் அது தப்பினது என்று எங்களில் ஒருத்தன் சொல்லுவான். சினிமாவுக்குள்ள போகாத பாட்டு அந்த அம்மம்மாவின் மூன்றாவது பாட்டு மாதிரி ஆகிவிடும்.

இப்ப சினிமாவே டீஜே வேலை செய்யுது. 'விக்ரம்' (2022) படத்தில 1995இன் 'சக்கு சக்கு வத்திக்குச்சி', 'லியோ'வில (2023) 'கரு கரு கருப்பாயி'. தியேட்டருக்குப் பிறகு பொடியன்களே வந்து அந்தப் பழைய பாட்டுகளைக் கேட்டார்கள். 2024இல் 'வேட்டையன்' படத்தின் 'மனசிலாயோ' இன்னும் ஒரு படி மேல. 2011இல் காலமான மலேசியா வாசுதேவனின் குரலைச் செயற்கை நுண்ணறிவால் உண்டாக்கிப் பாட வைச்சார்கள். 'சுராங்கனி'யையும் 'மனசிலாயோ'வையும் அடுத்தடுத்துப் போட்டால் 47 வருச இடைவெளியில ஒரே குரல், ரெண்டாவதில ஆள் இல்லை. நாங்கள் அப்படிப் போட்டிருக்கிறோம். முற்றத்தில ஒருத்தரும் கவனிக்கவில்லை, நல்லா ஆடினார்கள். எங்களுக்குத்தான் ஒரு மாதிரி இருந்தது.

இதில எங்களுக்குள்ள ஒத்த கருத்து இல்லை. ஒருத்தன் சொல்லுறான்: "டீஜேட வேலை ஆட வைக்கிறது, நூதனசாலை நடத்துறது இல்லை. அந்தப் பாட்டு நல்லாயிருந்தால் தானா நிண்டிருக்கும்." நியாயமான கேள்விதான். நல்ல பாட்டு தானாக நிற்கும் என்பது, பெட்டிகளும் வீடுகளும் இடத்தில நின்ற ஊருக்குப் பொருந்தும். யுத்தத்தில இடம்பெயர்ந்து, பிறகு கடலிலும் இழந்த கரையில, நிற்கிறது பாட்டின் தரத்தைப் பொறுத்தது மட்டும் இல்லை. கெசட் எந்த உயரத்தில இருந்தது என்பதையும் பொறுத்தது. ஆனால் அவன் சொன்னதில ஒரு பாதியை நாங்கள் எடுத்துக்கொண்டோம். ஆட முடியாத பாட்டை மரியாதைக்காகப் போடமாட்டோம். மரியாதைக்குப் போட்ட பாட்டு முற்றத்தைக் காலியாக்கும், அந்தப் பாட்டுக்கும் அது அவமானம்.

இப்ப எங்கட கணக்கு இப்படி. முதல் மணித்தியாலம் பிள்ளைகளுக்கும் பொடியன்களுக்கும், முழுக்கப் புதுசு. சாப்பாட்டுப் பந்தி நடக்கேக்க மெதுவான பழசு, ஆடத் தேவையில்லை, கேட்டால் போதும். எட்டரைக்குப் பைலாவும் பொப்பிசையும், 20 நிமிசம், கதிரைகள் காலியாகும் வரைக்கும். பிறகு புதுசும் பழசும் ரெண்டுக்கு ஒன்று. கடைசிப் பாட்டு எப்பவும் எல்லாருக்கும் தெரிஞ்ச பழைய பாட்டு. இலங்கை வானொலியில நேயர் விருப்பம் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு கேட்ட பாட்டைப் போடுறது ஒரு வாக்குறுதி மாதிரி. ஆகவே யார் வந்து கேட்டாலும் கொப்பியில எழுதுவோம். இல்லாத பாட்டு என்றால் ரெண்டு வரி பாடச் சொல்லி ஃபோனில பதிவு செய்வோம்.

லப்டொப்பில இப்ப 'ஊர்' என்று ஒரு புதுக் கோப்புறை இருக்கு. பொப்பிசைப் பாட்டுகள் கொஞ்சம், பேர் தெரியாத ஃபோன் பதிவுகள் கொஞ்சம். தம்பிலுவில் அம்மம்மாவின் ரெண்டு வரியும் அதுக்குள்ள இருக்கு. அவவைத் திரும்பப் போய்ப் பார்த்துக் கேட்டுப் பதிவு செய்தது. சிரிச்சுக்கொண்டு பாடினா, சரணம் ஞாபகம் இல்லை என்றா.

இதை வாசிக்கிற உங்கட வீட்டிலயும் பரணில, அலுமாரிக்கு மேல, பெரியப்பாவின் பழைய பெட்டியில கெசட் ஏதும் இருக்கலாம். சினிமாப் பாட்டு என்றால் அவசரமில்லை, அது எங்கேயோ இருக்கும். கையெழுத்தில பேர் எழுதின கெசட் என்றால் கொஞ்சம் கெதியாத் திறந்து பாருங்கள். நாடா பூஞ்சணம் பிடிச்சிருந்தால் போட்டு ஓட்ட வேண்டாம், முதலில தெரிஞ்ச ஒருத்தரிட்டக் காட்டுங்கள். நல்லா இருந்தால் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். தாளம் 6/8 என்றால் எங்களுக்கும் ஒன்று அனுப்புங்கள், அடுத்த லீவுக்கு முற்றத்தில போட்டுப் பார்ப்போம்.