சீயா சொன்ன புரன் அப்பு

சம்பளம் போட்ட அன்று சாயங்காலம் அம்மா என்னைத் தவறணைக்கு விரட்டுவாள். அப்பாவின் சம்பளக் காசு முழுசாக லயத்துக்கு வந்து சேர வேண்டும். அதற்குக் காவல் நான். தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்கு மாறிய 1975ஐ ஒட்டிய காலம். மாத்தளைப் பக்கம் எல்கடுவை ரோட்டோரம் தகரக் கூரைக் கட்டடம். கம்பிவலைக்கு அந்தப் பக்கம் சாராயம் அளந்து ஊற்றுகிறவர், இந்தப் பக்கம் எங்கள் ஆட்கள். சாராயக் குத்தகைப் பணத்தில் வெள்ளைக்காரன் கஜானாவை நிரப்பிக்கொண்டதெல்லாம் பிற்பாடு படித்தது.

வாசலில் சாக்கு விரித்து வெற்றிலை, பாக்கு, சுருட்டு விற்பார் ஒரு சிங்களக் கிழவர். எல்லாருக்கும் அவர் சீயா, அதாவது தாத்தா. கொட்டைப்பாக்கைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடிப்பார். கண் ரோட்டில் இருக்கும், சீவல் மட்டும் ஒரே கனத்தில் மடியில் விழுந்துகொண்டிருக்கும். பாக்குவெட்டியின் சத்தத்துக்கு நடுவே கதையும் நடக்கும், பாதி சிங்களம், பாதி தமிழ். எப்போதும் ஒரே ஆளின் கதைதான்: வீர புரன் அப்பு.

"எத்தன கயித்தால கட்டினாலும் அவுந்திடும் புத்தா. மந்திரம் தெரிஞ்ச மனுசன்."

மந்திரத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் ஆள் லேசுப்பட்டவர் இல்லை. 1812ல் மொரட்டுவையில் பிறந்த பிரான்சிஸ்கோ பெர்னாண்டோ. சின்ன வயதிலேயே வீட்டை விட்டுக் கிளம்பி மலைநாட்டுப் பக்கம் திரிந்தவர். கொள்ளைக்காரர் என்று சொல்லி 1847ல் அவர் தலைக்குப் பத்துப் பவுண் விலை வைத்தது சர்க்கார். அடுத்த வருசமே அவர் தளபதி. துப்பாக்கிக்கு வரி, நாய்க்கு வரி, கடைக்கு வரி. போதாததற்கு வருசத்தில் 6 நாள் ரோடு வேலை செய், இல்லாவிட்டால் 3 ஷில்லிங் கட்டு என்றார்கள். ஜனம் பொங்கிவிட்டது. 1848 ஜூலை 26ல் தம்புள்ளை விகாரையில் கொங்காலேகொட பண்டாவுக்கு முடிசூட்டி, அங்கிருந்து மாத்தளைக்கு இறங்கி அரசாங்கக் கச்சேரியை உடைத்தார்கள். வரிக் கடதாசி எரிந்ததைச் சொல்லும்போது சீயா பாக்குவெட்டியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் புகையை மேலே ஏற்றுவார். ஆகஸ்ட் 8ல் கண்டியில் புரன் அப்புவைச் சுட்டார்கள். தன்னைப் போல அரை டசின் பேர் இருந்திருந்தால் கண்டிச் சீமையில் ஒரு வெள்ளைக்காரனும் மிஞ்சியிருக்கமாட்டான் என்று அவர் கடைசியாகச் சொல்லிவிட்டுப் போனதை, கவர்னர் டொரிங்டனே லண்டனுக்கு எழுதி அனுப்பினார். தண்டித்தவனே எழுதிக்கொடுத்த நற்சான்று!

ஒரு தரம் கேட்டேன்: "அப்ப எங்க ஆக்கள் எங்க சீயா இருந்தாங்க?"

அவர் வெற்றிலையைத் துப்பினார். "அதே ரோட்டுல நடந்துகிட்டு இருந்தாங்க."

மன்னார்க் கரையில் இறங்கி, காட்டைக் கடந்து, தம்புள்ளை, நாலந்தை வழியாகக் காப்பித் தோட்டத்துக்கு நடந்தவர்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் எத்தனையோ. வரிக்கு எதிராக எழுந்தவனுக்குப் பாடப்புத்தகத்தில் இடம் கிடைத்தது, மாத்தளையில் சின்னம் கிடைத்தது. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் படமே எடுத்தார். நடந்தவர்களுக்கு ஒரு வரி தேடினேன், கிடைக்கவில்லை. இன்னும் சண்டை போடுகிற அளவுக்கு எனக்கு அது உறுத்தும். ஆனாலும் புரன் அப்பு மேல் கோபம் வந்ததில்லை. வரி கேட்டவனும் எங்களைக் கூட்டிவந்தவனும் ஒரே துரைதானே.

முடிசூடிய பண்டா ஒளிந்திருந்ததோ எங்கள் மலையில். எல்கடுவைக் குகையில்தான் செப்டம்பர் 21ல் பிடித்தார்கள். 100 கசையடி கொடுத்து மலாக்காவுக்கு நாடு கடத்தினார்கள். அந்தக் குகை எது என்று எவருக்கும் நிச்சயமில்லை, ஆகவே எந்தப் பொந்தையும் நாங்கள் விட்டுவைக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பாறை இடுக்கில் புளித்த வாடை ஆளைத் தூக்கியது. உள்ளே கள்ளத்தனமாகக் காய்ச்சிய கசிப்புப் பீப்பாய். ராசாவின் புதையல் என்று மூடியைத் திறந்தவனை மேல்தொங்கல் மாமா கவ்வாத்துக் கத்தியோடு துரத்தினார். பீலிக்கரை வரைக்கும் ஓடினோம்.

அடுத்த சம்பள நாளில் அதே மாமா தவறணைக் கம்பிவலைக்கு முன்னால் காசை நீட்டிக்கொண்டு நின்றார். தான் காய்ச்சியதைத் தானே நம்பமாட்டார் போல. என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பினார். சீயாவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். "வரி கட்டாதவன்தானே, அவனும் புரன் அப்புதான்" என்று குலுங்கிச் சிரித்த சிரிப்பில் சீவல் கனம் அன்றைக்குத்தான் முதல் தடவையாகத் தப்பியது.